வாஹித் அழுத்தாமல் விட்ட சொல்

பதுளைக் கடைவீதியில் அந்தக் காலத்தில் தங்களுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்களுக்குப் பஞ்சமில்லை. தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அரசாங்கக் கச்சேரிக் குமாஸ்தாக்களை விட்டுவிடுவோம். அவர்கள் சம்பளத்துக்குப் பேசினார்கள். துரைமாருக்குச் சாமான் விற்ற கடைக்காரர்களோ, காதில் விழுந்த சொற்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கி, கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசினார்கள். விளக்குச் சாமான் கடை மர்ஸூக்குக்கு ஒரே கொள்கை: துரைக்கு விளங்கவில்லையா, சத்தத்தைக் கூட்டு. மர்ஸூக் ஒரு துரையோடு வியாபாரம் பேசினால் கடைவீதி முழுவதற்கும் லாம்புக் கண்ணாடியின் விலை தெரிந்துவிடும். இங்கிலீஷ் என்றால் கத்துவது என்றுதான் அவன் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தோட்டத்தில் துரைமார் பேசியதைக் கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

துணிக்கடை வாஹித் வேறு ரகம். வாப்பா காலத்திலிருந்து அவர்களுக்குத் துணி வியாபாரம். ஒடுக்கமான ஒரு கடை. அதற்குப் பின்னால் வீடு. வீட்டில் மனைவி ஸுலைஹாவும் இரண்டு பெண் பிள்ளைகளும். ஓதப் பள்ளியில் குர்ஆனும் கொஞ்சம் தமிழ் எழுத்தும் கற்றதோடு அவன் படிப்பு முடிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் துணி மூட்டையோடு தோட்டத்துப் பங்களாக்களுக்கு ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனங்கள் வீட்டில் இருக்கும் நாள் என்பதால் அவர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவான். துரைமார் துணி விற்கும் சோனக வியாபாரிகள் எல்லோரையும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதுக்காரனை இருபது வயதுக்காரன் தம்பி என்று கூப்பிட, இவனும் திரும்பிப் பார்க்க, அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

பங்களாவில் மூட்டையைப் பிரிக்க உத்தரவு கிடைக்கும்வரை பின்பக்க விறாந்தையில் காத்திருக்க வேண்டும். துரைசாணி தேநீர் குடித்து முடிக்க வேண்டும், பிறகு நினைவு வர வேண்டும், பிறகு மனம் வர வேண்டும். மற்ற வியாபாரிகள் அந்த நேரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு தோட்டத்து வம்பு பேசுவார்கள். வாஹித் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பான். சுவரைத் தாண்டிச் சொற்கள் வராது. ஏற்றமும் இறக்கமும் மட்டும் வரும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் இங்கிலீஷுக்குள் நுழைந்தான்.

நம் பேச்சில் எழுத்துகள், விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும் தோட்டத்து ஆட்களைப் போல ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வரும். அவர்கள் பேச்சு அப்படியல்ல என்று வாஹித் கண்டுகொண்டான். அங்கே ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்துதான் துரை. மற்றவை எல்லாம் கூலி. அந்த ஓர் எழுத்தை மேலே ஏற்றி, சற்று இழுத்து, பலமாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்பவற்றைப் பாதி விழுங்கிவிடுகிறார்கள். துரைசாணி, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் போட்டோகிராப் என்பாள், முதல் எழுத்தை அழுத்தி. படம் எடுக்க ஆள் வந்தபோது அவனைப் போட்டோகிராபர் என்றாள். அழுத்தம் அடுத்த எழுத்துக்குத் தாவிவிட்டது. சொல்லுக்கு வால் கொஞ்சம் நீண்டதும் துரை எழுந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். இதை நினைத்து வாஹித் மலையிறங்கும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தான்.

அதைவிடப் பெரியது ஒன்றை அடுத்த வருடம் கண்டுபிடித்தான். ‘இது எனக்கு வேண்டாம்’ என்று துரைசாணி ஒரு துணியைத் தள்ளிவைத்தாள். வாஹித் மூட்டையைக் கட்டத் தொடங்கினான். அவள் முகம் சுளித்தாள். அவள் ‘இது’ என்ற சொல்லை அழுத்தியிருந்தாள். இதுதான் வேண்டாம், வேறு இருந்தால் எடு என்று அர்த்தம். நாம் ‘தான்’ போடுகிற இடத்தில், ஏகாரம் போடுகிற இடத்தில், அவர்கள் தனியாக ஒன்றும் போடுவதில்லை. தொண்டையால் போடுகிறார்கள். இது விளங்கிய நாளிலிருந்து வாஹித்துக்கு வியாபாரம் இரட்டிப்பானது என்று சொன்னால் பொய். ஆனால் அவன் ஒரு பேச்சுப் பித்தன் ஆனது நிஜம். வழியில் நடக்கும்போது, கடையில் துணி மடிக்கும்போது, உதடு அசையாமல் தொண்டையை மட்டும் அசைத்துப் பழகிக்கொண்டிருப்பான்.

“யாருக்கிட்ட கதைக்கிறீங்க?” என்று ஸுலைஹா கேட்பாள்.

“ஒருத்தர்கிட்டயும் இல்ல.”

“அப்ப ஏன் புருவம் மேலயும் கீழயும் போற?”

ஒரு சனிக்கிழமை விறாந்தையில் இருந்தபடி அவன் ஏதோ பதில் சொல்ல, அறைக்குள் இருந்த துரைசாணி யாரோ பக்கத்துத் தோட்டத்துத் துரை வந்துவிட்டான் என்று நினைத்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். வந்து பார்த்தால் துணிக்கார வாஹித். அவள் நல்லவள், சிரித்துவிட்டு, பதுளையிலேயே நீதான் நன்றாகப் பேசுகிறாய் என்றாள். வாஹித் அதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டதால் அது தலைக்கு ஏறியது.

இதெல்லாம் நடந்தது பதுளைக்கு மேலே நெட்டமரத் தோட்டத்தில். பிறகு அந்தத் துரையும் துரைசாணியும் சீமைக்குப் போய்விட்டார்கள். 1907ஆம் வருடம் ஹாலம் என்ற இளம் துரை வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பொறுமை இல்லாதவன், தான் புதியவன் என்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று பயந்தவன். அவனும் தமிழ் பேசினான். தன் வழக்கப்படி ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்தைப் பிடித்துக் குத்துவான். ‘நாளைக்கு வா’ என்று சாதாரணமாகச் சொன்னாலும் ‘நா’வில் விழும் அடியில் ஆட்கள் ஒரு எட்டுப் பின்னால் நகர்வார்கள். தன்னைக் கண்டு தோட்டமே நடுங்குகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

துரை முன்னால் ஆட்கள் பேசும் முறை வேறு. தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் வைத்து, முதுகை வளைத்து, வாயைக் கையால் பொத்தி, குரலைத் தாழ்த்த வேண்டும். ‘இல்லை’ என்று சொல்ல நேர்ந்தால் இன்னும் தாழ்த்த வேண்டும். கடைசியில் ‘தொரை சித்தம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து முடிக்க வேண்டும். அது மரியாதை. குரலை உயர்த்தியவன் வாயாடி, அவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. வாஹித் கூலிக்காரன் அல்ல, கடைக்காரன். இந்த முறை தனக்கில்லை என்று நினைத்திருந்தான்.

ஹாலமின் பங்களாவில் ஒரு சனிக்கிழமை இரண்டு துரைமார் விருந்துக்கு வந்திருந்தார்கள். வாஹித் முன்விறாந்தையிலேயே மூட்டையைப் பிரித்தான். இந்தத் துணி துவைத்தால் சுருங்குமா என்று ஒருவன் கேட்டான். ஒருக்காலும் சுருங்காது, இந்த ரகம் சுருங்கவே சுருங்காது என்று வாஹித் இங்கிலீஷில் சொன்னான். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, விழுங்க வேண்டியதை விழுங்கி, பழைய துரைசாணி கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள் என்னும்படி சொன்னான். கேட்டவன் வாயைப் பிளந்தான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தான். “கண்ணை மூடிக்கொண்டால் கிளப்பில் இருப்பது போலிருக்கிறது. இன்னொரு தரம் சொல்” என்றான்.

வாஹித் இன்னொரு தரம் சொன்னான். மெச்சுகிறார்கள் என்றுதான் நினைத்தான் பாவம். அடுத்தவன் தன் பங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க, அவனுக்காகவும் ஒரு தரம் சொன்னான். அவர்கள் கண்ணீர் வரச் சிரித்தபோதுதான், கிளிப்பிள்ளையைப் பேசவைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது உறைத்தது. தேநீர்த் தட்டோடு நின்ற அப்புவும், அதுதான் சமையல்காரன், வேறு பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஹாலம் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி,” என்றான், “என்னோடு பேசும்போது என்னைப் போலப் பேசாதே. உன் ஆட்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசு.”

வாஹித்துக்குக் காது இரண்டும் எரிந்தன. மூட்டையைக் கட்டும்போது முடிச்சு கைக்கு அகப்படவில்லை. மலை இறங்கும்போது அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்ததை, யாருக்கும் காட்டாமல் பொத்தி வைத்ததை, இவர்கள் முன்னால் கூத்தாடிக் காட்டிவிட்டோமே என்று மனம் கூசியது. இனி எந்தத் துரை முன்னாலும் அந்த வித்தை இல்லை. சொல் மட்டும் போதும். சொல்லுக்கு ஏற்றம் வேண்டாம், இறக்கமும் வேண்டாம். மற்றவர்களைப் போலக் குரலைத் தாழ்த்தி, எழுத்துகளை வரிசையில் நிறுத்தி, முடித்துக்கொண்டு வந்துவிடுவது என்று தீர்மானித்தான்.

தீர்மானம் நல்ல தீர்மானம்தான். வேறொரு மனிதனின் பிழைப்பு அதில் மாட்டாமல் இருந்திருந்தால்.

அந்தத் தோட்டத்தில் வீரய்யா என்று ஒருவன். தேயிலைக் கன்றுகள் வளர்க்கும் தவறணைக்கு அவன்தான் காவல். மனைவி ரெங்கம்மா கொழுந்து பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காவலிலிருந்து அவனுக்கு விடுதலை. அன்றைக்கு மாரிசாமி கங்காணியின் மச்சான் காவலிருப்பான். எனவே வாஹித் லயங்களுக்குப் போகும்போது வீரய்யாதான் மூட்டை தூக்குவான். போகும் வழியில் இருவரும் நிறையப் பேசுவார்கள். வாஹித் துரைசாணியைப் போலப் பேசிக் காட்டுவது வீரய்யாவுக்கு மட்டும்தான். ஒரு சொல்லும் விளங்காமலே வீரய்யா ரசித்துக் கேட்பான்.

விருந்துச் சம்பவத்துக்கு அடுத்த நாள், ஞாயிறு, இருவரும் காலையிலேயே கிளம்பி பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயங்களைச் சுற்றிவிட்டு, இருட்டும் நேரத்தில்தான் திரும்பினார்கள். வழியில் வாஹித் அன்றைக்குத் துரைசாணியைப் போலப் பேசிக் காட்டவில்லை. வீரய்யா ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் நெட்டமரத்துத் தவறணைக் கதவு திறந்து கிடந்து, மாடுகள் புகுந்து, கன்றுகள் முழுவதையும் மிதித்து நாசமாக்கிவிட்டன. மச்சான் கள்ளைக் குடித்துவிட்டு எங்கோ விழுந்து கிடந்தான் என்பது லயம் முழுவதற்கும் தெரியும். ஆனால் கங்காணி முந்திக்கொண்டான். வீரய்யா தன் பசுவை மேயவிடக் கதவைத் திறந்தான், என் கண்ணால் பார்த்தேன் என்று துரையிடம் சொல்லிவிட்டான். கங்காணியை எதிர்த்து வாய் திறக்க லயத்தில் ஆளில்லை.

திங்கட்கிழமை சாயந்தரம் வீரய்யா கடைக்கு வந்தான். வாஹித்தை அவன் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான். “நானா, நாளைக்கிப் பெரட்டுல வெசாரணைங்க. நான் ஒங்களோட இருந்தேன்னு சொன்னேன். தம்பி வந்து சொல்லட்டும், அது போதும்னு தொரை சொல்லிட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும்.”

“அல்லாஹ்வே, இது என்ன பெரிய வேல? நான் வந்து செல்றேன்” என்று சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டான் வாஹித்.

அது பெரிய வேலையில்லைதான். ஆனால் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். துரை விரட்டிவிட்டால் குடியிருக்கும் லயக் காம்பராவை அன்றைக்கே காலி செய்ய வேண்டும். அதோடு போகாது. தோட்டம் மாறிப் போகிறவனுக்குத் துரை கையெழுத்துப் போட்டு ஒரு துண்டு கொடுப்பான். அந்தக் காகிதம் இல்லாதவனை வேறு எந்தத் தோட்டமும் வாசலில் ஏற்றாது. குற்றம் சாட்டி விரட்டுகிறவனுக்குத் துண்டு எங்கே கிடைக்கும்? புருஷனும் பெண்சாதியும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பனி இன்னும் விலகவில்லை. ஹாலம் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் மாரிசாமி கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக. இன்னொரு பக்கம் வீரய்யா தலைத்துண்டை அக்குளில் வைத்துக்கொண்டு. பெண்கள் வரிசையில் ரெங்கம்மா. துரைக்குப் போர்வை கொண்டுவந்த அப்புவும் அங்கேயே நின்றுவிட்டான். அந்த முகத்தைப் பார்த்ததும் வாஹித்துக்கு விறாந்தை நினைவு வந்துவிட்டது.

ஹாலம் நிமிர்ந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவன் யாரோடு இருந்தான் என்று இங்கிலீஷில் கேட்டான்.

“ஹி வாஸ் வித் மீ, ஸர்” என்றான் வாஹித். அவன் என்னோடு இருந்தான். ஐந்து சொல்லும் ஒரே உயரம், ஒரே நீளம். குரல் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது போல் தாழ்வாக இருந்தது. கைகளைக் கட்டியிருந்தான்.

ஹாலம் பென்சிலைக் கையில் உருட்டினான். “நிச்சயமாகத் தெரியுமா?” என்றான். அந்த ‘நிச்சயம்’ என்ற சொல்லை அவன் அழுத்தியதை வாஹித் காது எடைபோட்டுக்கொண்டது.

“எஸ், ஸர். ஐ ஆம் ஷுவர், ஸர்.” மறுபடியும் அதே தாழ்ந்த குரல், அதே வரிசை.

“நீ சொல்லுவதைக் கேட்டால் நிச்சயம் போல இல்லையே” என்றான் ஹாலம். அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டான். இன்னொரு தரம் சொல்ல இடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று வாஹித்துக்கு அந்தக் கணத்தில் துல்லியமாகத் தெரியும். ‘மீ’ என்ற அந்த ஒரு சொல்லை ஏற்றி, இழுத்து, பலமாகச் சொன்னால் போதும். என்னோடுதான், வேறு யாரோடும் இல்லை, வேறு எங்கும் இல்லை. அது தொண்டைக்குழிவரை வந்தும்விட்டது. அப்போது அப்பு ஏதோ நினைத்துக்கொண்டு லேசாகச் செருமினான். வாஹித்துக்குக் காது எரிந்தது. கிளிப்பிள்ளை பேசப் போகிறது என்று காத்திருக்கிறார்கள். என்னைப் போலப் பேசாதே என்று சொன்னவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொண்டைக்கு வந்ததை விழுங்கிவிட்டான். விழுங்கிய இடத்தை நிரப்ப, தோட்டத்து வழக்கத்தையே இங்கிலீஷில் சொன்னான்.

“ஆஸ் மாஸ்டர் ப்ளீஸஸ், ஸர்.”

துரை சித்தம். தமிழில் அது முடிப்பதற்குச் சொல்லும் மரியாதைச் சொல், அதற்குமேல் ஒன்றுமில்லை. இங்கிலீஷில், சாட்சி சொல்ல வந்தவன் வாயில், அது ‘நீங்கள் எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்’ என்றாகிவிடும். இரண்டு அர்த்தமும் தெரிந்தவன் அங்கே வாஹித் மட்டும்தான். ஹாலம் பென்சிலைக் கீழே வைத்தான். வேண்டியவனுக்காகப் பொய் சொல்ல வந்து, பொய்யையும் ஒழுங்காகச் சொல்ல வராத ஒரு கடைக்காரன் என்று அவன் முடிவு கட்டியது முகத்திலேயே தெரிந்தது. கங்காணியைப் பார்த்துத் தலையாட்டினான். வீரய்யாவுக்குக் காம்பரா இல்லை, துண்டும் இல்லை. பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போனார்கள்.

வாஹித் வீட்டுக்கு வந்து முகம் கழுவினான். திரும்பவும் கழுவினான்.

“அந்த மனிசனுக்கு என்ன நடந்த?” என்று ஸுலைஹா கேட்டாள்.

“வெரட்டிட்டாங்க.”

“ஏன், நீங்க செல்லல்லயா?”

“சென்னேன்.”

“சென்னா ஏன் வெரட்டுற?”

பிள்ளைகளுக்கு வைத்த சோற்றைக் கூட ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது அவனுக்கு. ஒரு மனிதன் தன் கையில் இருந்த நல்ல விளக்கை, யாராவது சிரிப்பார்கள் என்று அணைத்துவிட்டு, அடுத்தவனைக் குழியில் விழவிட்டால் அவனுக்கு என்ன பெயர்? கடை திறந்தபடி கிடக்க, வாஹித் திரும்பவும் மலை ஏறினான்.

ஹாலம் ஆபீஸில் தனியாக இருந்தான். வாஹித் மேசைக்கு எதிரில் நிமிர்ந்து நின்றான். கையைக் கட்டவில்லை. அப்புறம் சொன்னான். அந்த மனிதன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னோடுதான் இருந்தான். காலையிலிருந்து இருட்டும்வரை. உங்கள் கங்காணி சொன்னது பொய். அழுத்த வேண்டியதையெல்லாம் அழுத்தினான். குரல் ஏறி, நின்று, இறங்கியது.

ஹாலம் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தான். “இது உண்மை,” என்றான். கேள்வியாக அல்ல.

“உண்மை.”

“பிறகு ஏன் காலையில் இப்படிச் சொல்லவில்லை?”

நீ சொல்லித்தானே என்று வாஹித் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹாலமும் கொஞ்சம் குன்றிப்போயிருப்பான். ஆனால் சனிக்கிழமை விறாந்தையில் பட்ட அவமானம் வேறு, செவ்வாய்க்கிழமை களத்தில் செய்த காரியம் வேறு. முதலாவது பிறர் செய்தது. இரண்டாவதை அவனே செய்தான். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஹாலம் எழுந்து ஜன்னலருகே போனான். ஆட்கள் எல்லோர் முன்னாலும் சொன்ன தீர்ப்பை மாற்றினால் நாளைக்கு இந்தத் தோட்டத்தை நடத்த முடியாது என்றான். புதியவன் என்கிற பயம்தான் அது. வாஹித்துக்கு அந்தப் பயம் நன்றாகவே அடையாளம் தெரிந்தது. ஆனால் துண்டு தருகிறேன், குற்றம் எதுவும் எழுதாமல் தருகிறேன், வேறு தோட்டத்தில் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றான். கையெழுத்துப் போட்டுத் தந்தான். வாஹித் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினான். காலையில் ஒரு சொல்லை அழுத்தியிருந்தால் போதும், அவர்கள் தங்கள் காம்பராவிலேயே இருந்திருப்பார்கள். இது இப்போது அனுமானம் இல்லை. ‘ஏன் காலையில் இப்படிச் சொல்லவில்லை’ என்று துரையே கேட்டுவிட்டான்.

வீரய்யாவும் ரெங்கம்மாவும் கடை வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், சட்டிபானை கட்டிய ஒரு மூட்டை, கயிற்றில் பசு. பெரகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரெங்கம்மாவின் அண்ணன் இருக்கிறான், அங்கே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியிருந்தார்கள். ஸுலைஹா அவர்களுக்குத் தேநீர் கொடுத்திருந்தாள். வாஹித் துண்டை நீட்டினான். ரெங்கம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“காலையிலேயே பாத்தேனுங்க, நானா. அத்தன பேரு முன்னால எங்களுக்காக வந்து நின்னீங்க. எம்புட்டு பதவிசாப் பேசுனீங்க, ஒரு சத்தம் கூட ஒசத்தாம. தொரைக்கே மனசு எளகித்தான இதக் குடுத்திருக்காரு.”

“இல்லம்மா,” என்றான் வாஹித். “நான் செல்ல வேண்டிய மாதிரி செல்லல்ல. பலமாச் செல்லி இருந்தா ஒங்கள வெரட்டி இருக்க மாட்டாங்க. பிழ என்னுது. நான்தான் கெடுத்தேன்.”

ரெங்கம்மா சிரித்தாள். அந்த நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். “தொரைகிட்டப் போயி பலமாப் பேச முடியுங்களா? அப்படியெல்லாம் சொல்லாதீங்க. எங்களுக்கு உள்ள விதிக்கு நீங்க என்ன செய்வீங்க? ஒங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்.” தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு ஸுலைஹாவின் பின்னால் உள்ளே போனாள்.

வாஹித் வீரய்யாவின் பக்கம் திரும்பினான். இவனுக்காவது விளங்கவைக்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. திட்டினால் கூட நல்லது. அவன் வாயைத் திறப்பதற்குள் வீரய்யா தாழ்ந்த குரலில் சொன்னான்.

“எனக்குத் தெரியும், நானா. எனக்கு அவுங்க பாஷ தெரியாது. ஆனா நீங்க அதப் பேசுறது எப்படி இருக்கும்னு தெரியும். காலையில நீங்க அப்படிப் பேசல.”

வாஹித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தொரை மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க வந்தப்ப நிமுந்தாரு. பேசப் பேசக் குனிஞ்சிட்டாரு.” வீரய்யா பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். “போகட்டும். ஆனா அவகிட்ட இன்னொரு தரம் அதச் சொல்லாதீங்க. எங்களுக்குன்னு ஒரு ஆளு வந்து பேசுனாருங்கிற தெம்புலதான் அவ நடக்குறா. பெரகல தூரங்க.”

ரெங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீரய்யா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். அவள் மூட்டையை இடுப்பில் வைத்துப் பசுவைப் பிடித்துக்கொண்டாள். கடைவீதி முடியும் திருப்பம்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் திரும்பி நின்று, மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வாஹித்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

வாஹித் கையை உயர்த்திக் காட்டினான். அவள் மறையும்வரை அதை இறக்கவில்லை.